வெறும் பீங்கான்

ஜுனைதாவின் மருமகன் நன்றாகச் சாப்பிடுகிறார் என்ற செய்தியை எங்கள் தெருவில் முதல் முதல் கேட்டது நான்தான். வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னாள். பெரிய ரகசியத்தைச் சொல்கிறவள் மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மூணு தரம் போட்டன் கா. மூணு தரமும் பீங்கான் வெறுமையா வந்திரிக்கி."

இதுவும் ஒரு செய்தியா என்று உங்களில் சிலருக்குத் தோன்றும், மக்காள். எங்கள் மருதமுனைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது. தாய் தகப்பன் எப்படியோ கட்டி, மகள் பெயருக்கு எழுதி, அதற்குள் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து இருத்துவார்கள். வந்தவரோடு மாமி முகத்துக்கு முகம் நின்று கதைக்க மாட்டாள். மண்டபத்துக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை தொங்கும். மாமியின் பாசமெல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால்தான். மருமகனின் முகத்தைப் பார்க்க முடியாதவள், அவர் தின்று எழும்பிய பீங்கானைப் பார்ப்பாள். சோறு மிச்சம் வந்தால் தன் வீட்டில் என்ன குறை என்று யோசிப்பாள். துடைத்த மாதிரி வந்தால் அன்றைக்கு அவளுக்குப் பெருநாள்.

ஜுனைதாவுக்கு உலகத்தில் இருந்தது அந்த வீடும், நதீரா என்ற ஒரே மகளும். புருசன் கடல் ஊருக்குள் வந்த வருசம் மௌத்தானார். அதற்குப் பிறகு நாலு வருசம் சவூதியில் வீட்டு வேலை செய்தாள். திரும்பி வந்து தறியில் இருந்து சாரம் நெய்தாள். அந்தக் கையால் கட்டின வீட்டுக்குத்தான் றிஸ்மி மாப்பிள்ளையாக வந்தான். கரைவலை இழுக்கிறவன். அதிகம் வாய் திறக்காத பொடியன். வந்த புதிதில் கோழிக்குஞ்சு கொத்துகிற மாதிரி நாலு வாய் தின்றுவிட்டு எழும்பிவிடுவான். அவனுக்குக் கூச்சம். இவளுக்குக் கவலை.

ஐந்தாம் வருசத்தில்தான் அந்தப் பசி வந்தது. பின்னேரம் கடற்கரையிலிருந்து வருவான். கால் கழுவிவிட்டு நேரே பாயில் இருப்பான். கீரி மீன் ஆணம், முருங்கை இலைச் சுண்டல், மாசிச் சம்பல், எருமைத் தயிர், எதை வைத்தாலும் போகும். ஜுனைதா திரைக்குப் பின்னால் நின்று பேத்தி சிபானாவிடம் சொல்வாள், வாப்பாவிடம் கேள் மகள், இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றவா என்று. வாப்பா ஒரு முழத் தூரத்தில்தான் இருப்பார். என்றாலும் சிபானா ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்திக் கேட்பாள். அவனும் மாமியின் காதில் விழுகிற மாதிரி, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, ஊற்றச் சொல்லு என்பான். நடுவில் நின்ற பிள்ளைக்கு அது ஒரு பெரிய உத்தியோகம்.

கரைவலை லேசான தொழில் இல்லை. விடிகிற வெள்ளாப்பில் தோணி போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். பிறகு இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நிற்கிறவர்கள் இழுக்க வேண்டும். இடுப்பில் பட்டியைக் கட்டி, அதைக் கயிற்றில் கொளுவி, கடலைப் பார்த்துக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்கு நடப்பார்கள். ஒரு வலை கரைக்கு வர இரண்டு மணித்தியாலம், மூன்று மணித்தியாலம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் வறுத்த மாதிரிக் கொதிக்கும். தோள் இரண்டும் இறங்கிவிடும். வலை ஏறினால் மீனைத் தரம் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த வலைக்குக் காத்திருப்பார்கள். அந்த இடைவேளையில், தோணியின் நிழலில், அஸ்கி என்கிற கூட்டாளி சுற்றிக் கொடுத்தான். கஞ்சா என்று அவர்கள் சொல்வதில்லை. சாமான் என்பார்கள். தோள்நோவுக்கு ஒன்று இழுத்துப் பார் என்றான் அஸ்கி. அவனும் கெட்டவன் இல்லை. தனக்கு நோவு தீர்ந்ததை மற்றவனுக்கும் கொடுத்தான், அவ்வளவுதான்.

வலை இழுத்த பிறகு ஒன்று என்று தொடங்கியது, இழுக்க முன்னும் ஒன்று என்று ஆனது. பிறகு கண் விழித்ததும் ஒன்று. வீட்டில் ஆருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? கண் சிவந்தால், உப்புத் தண்ணி பட்ட கண். கதை குறைந்தால் களைப்பு. காரணமில்லாமல் சிரித்தால் நல்ல மனசு. சோறு கேட்டால் மாமியின் கைப்பக்குவம்.

அது தன்னை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டது றிஸ்மிதான். பிறகொரு காலத்தில் அவனே சொல்லித்தான் இது எங்களுக்கெல்லாம் தெரியவந்தது. போன வருசம் மே மாதம், ஒரு பின்னேரம், அசர் தொழுகை நேரம். வலை ஏறப் பிந்திவிட்டது. பள்ளிவாசலுக்குப் போக நேரமில்லாமல் வாடிக்குள்ளே தனியே நின்று தொழுதிருக்கிறான். வாடி என்றால் வலையும் கயிறும் வைக்கிற ஓலைக் கொட்டில். தொழுது கொண்டிருக்கும்போதே நாலு ரக்அத்தில், அதாவது நாலு சுற்றில், எத்தனையாவதில் நிற்கிறோம் என்று தெரியவில்லை. சலாம் கொடுத்து முடித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினான். மறுபடியும் தெரியவில்லை. அப்படி ஐந்து தரம். ஐந்தாவது தரம் சுஜூதில் வைத்த நெற்றியை எடுக்க மனமில்லாமல் மணலிலேயே கிடந்தானாம். சின்ன வயதில் இருந்து வாய் தானாக ஓதி, உடம்பு தானாகக் குனிகிற தொழுகை. அதில் நாலு வரைக்கும் எண்ண முடியவில்லை. அன்றைக்கு மடியில் இருந்த சாமானைக் கடலில் எறிந்தான்.

ஆருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனால் மாமி வீட்டில் இருந்துகொண்டு, இத்தனை நாளும் நான் கஞ்சா குடித்துவிட்டு வந்துதான் உங்கள் சோற்றைத் தின்றேன் என்று எந்த மருமகன் சொல்வான்?

அது விட்டுப்போகும்போது பசியையும் கொண்டு போய்விடும், மக்காள். நித்திரையையும் கொண்டு போகும். சோற்றைப் பார்த்தாலே அவனுக்குக் குமட்டியது. வேர்த்து வேர்த்து ஊற்றியது. பிள்ளை சிரித்தாலும் எரிச்சல். ஒரு வாய் வைத்துவிட்டுப் பீங்கானைத் தள்ளிவைப்பான். ஜுனைதா முதல் நாள் உப்புக் கூடிவிட்டதென்று நினைத்தாள். இரண்டாம் நாள் கோழி அறுத்தாள். மூன்றாம் நாள் இறால். பிறகு லெப்பையிடம் போய்த் தண்ணீர் ஓதி வாங்கிவந்து, அவனுக்குத் தெரியாமல் தேத்தண்ணியில் கலந்தாள். எங்கள் வீட்டு அடுப்படியில் வந்து குந்திக்கொண்டு அழுதாள். தன்னுடைய கையில் என்ன பிழை வந்தது, ஆருடைய கண் பட்டது என்று கேட்டாள். நானும் ஒரு புத்திசாலி மாதிரி, கொஞ்சம் புளியைக் கூட்டிச் சமைத்துப் பார் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் பகல், நதீராவுக்குப் பொறுமை போய்விட்டது.

"எந்த வீட்டுல தின்னுட்டு வாறீங்க?"

"பசிக்கல்ல புள்ள."

"ஒம்பது நாளாப் பசிக்காத மனிசன் எங்க இரிக்கான்? உம்மா குசினிக்குள்ள அழுதுட்டு நிக்கா. எங்கட சோறு ஒண்ணாட்டிச் சொல்லுங்க. இல்லாட்டி உங்களுக்கு வேற எங்கயும் அடுப்பு எரியுதா?"

றிஸ்மி பீங்கானைக் காலால் தட்டிவிட்டான். அது சுவரில் போய் உடைந்தது. அந்த வீட்டில் அவன் சத்தம் போட்டு ஒரு கோப்பை கூட வைத்ததில்லை. சிபானா வாய்விட்டு அழுதாள். திரைக்குப் பின்னால் ஜுனைதா மூச்சு விடாமல் நின்றாள். அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டான்.

அந்தியில் மஃரிப் தொழுது முடிகிற நேரம் திரும்பி வந்தான். கண் சிவந்திருந்தது. முகம் இளகியிருந்தது. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சோறு இருக்கிறதா என்று கேட்டான். மூன்று பீங்கான் தின்றான்.

அடுத்த நாள் ஜுனைதா தேங்காய்ப்பாலில் பால்சோறு ஆக்கி ஏழு வீட்டுக்கு அனுப்பினாள். மருமகனுக்குச் சுகமாகிவிட்டது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சிபானாதான் சொல்லிக்கொண்டு போனாள். எங்கள் வீட்டுக்கும் ஒரு பீங்கான் வந்தது. நானும் தின்றேன். சர்க்கரை தொட்டுத் தின்றேன்.

பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டில் ஒரே சிரிப்பு. ஜூலையில் ஒரு நாள் அந்தச் சிரிப்பு முடிந்தது.

சிபானா ஓதுகிற மதரசா பெரிய றோட்டுக்கு மேற்கே இருக்கிறது. வீடும் கடலும் கிழக்கே. அசருக்குப் பிறகு ஓதி முடிந்ததும் வாப்பா வந்து கையைப் பிடித்து றோட்டைக் கடத்திக் கூட்டிவர வேண்டும். அன்றைக்கும் போக நினைத்துத்தான் எழும்பினான். இதை இழுத்துவிட்டுப் போகலாம் என்று தோணிக்குப் பின்னால் இருந்தான். ஐந்து நிமிசம் இருந்ததாகத்தான் அவனுக்கு ஞாபகம். பிள்ளைகளெல்லாம் போய், மௌலவி கதவைப் பூட்டி, பிள்ளை தனியே வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டு, வாப்பாவைத் தேடிக் கடற்கரைக்கு நடந்திருக்கிறது. ஆறு வயது. பெரியநீலாவணைப் பக்கம் இருந்து வந்த ஓட்டோ ஒன்று அடித்துவிட்டது. ஓட்டோக்காரப் பொடியன் டிலக்சன் ஓடிப்போகவில்லை. அவன்தான் பிள்ளையைத் தூக்கித் தன்னுடைய ஓட்டோவிலேயே போட்டுக்கொண்டு கல்முனைக்கு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். வழி நெடுக அழுதுகொண்டே ஓட்டினானாம்.

காலில் இரண்டு இடத்தில் முறிவு. நதீராவும் ஜுனைதாவும் போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு றிஸ்மி வந்தான். உள்ளே பிள்ளை கத்துகிற சத்தம் வெளியே ஆட்கள் குந்துகிற வாங்கு வரை கேட்டது. அவன் வாங்கின் நுனியில் இருந்தான். கண்ணீர் ஓடியது. கையில் ஒரு பேப்பர் பை. அதற்குள் மீன் பணிஸ். வாசல் கடையில் வாங்கியிருக்கிறான். அழுதுகொண்டே அதைத் தின்றான். ஒன்று முடிய இன்னொன்றை எடுத்தான். நதீரா அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பசிக்குதா மச்சான்?" என்று கேட்டாள். மிக மெதுவாகக் கேட்டாள்.

"ஓம் புள்ள. ஏனெண்டு தெரியல்ல. வயிறு எரியிது."

கிட்ட வந்து அவனுடைய சேர்ட்டை மணந்து பார்த்தாள். அந்த மணம் அவளுக்குப் புதிதில்லை. மூன்று வருசமாக அவள் தோய்த்த சேர்ட்டுகளில் இருந்த மணம்தான். வலை மணம் என்று நினைத்திருந்தாள்.

"இனி எங்கட கடப்புக்குள்ள வராதீங்க" என்றாள். சத்தமே போடவில்லை. ஜுனைதா பக்கத்தில் நின்றாள். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. மகளுக்குப் பிள்ளையின் வேதனையில் தலை சுற்றிவிட்டது என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் நதீரா அவளுக்குச் சொன்னாள்.

ஒரு மனிசனைக் கடப்புக்கு, அந்த வேலி வாசலுக்கு, வெளியே நிறுத்துவது எங்கள் ஊரில் சின்ன விசயம் இல்லை. வெளியே போனால் அவனுக்குப் போக வீடு இல்லை. பிறந்த வீடு தங்கச்சி ஹுஸ்னியாவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. உம்மாவும் அங்கேதான், படுக்கையில். ஒரு மாதம் அங்கே இருந்தான். அது ஹுஸ்னியாவின் மாப்பிள்ளைக்குரிய இடம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் ஆரை முதலில் பாயில் இருக்கச் சொல்வது என்று ஹுஸ்னியாவுக்குத் தெரியவில்லை. இரண்டு ஆண்களுக்கும் நடுவில் சோற்றுச் சட்டியோடு நின்றாள். மாதம் முடிய அவன் தானாகவே எழும்பி வாடிக்குப் போய்விட்டான்.

வாடியும் வலையும் மீராசாஹிபு காக்காவுடையது. அறுபது வயதுக்காரர். வாய் கொஞ்சம் கூட.

"இந்த வாடிக்கு வலையும் வரும், நாயும் வரும். இப்ப மருமகன்மாரும் வாறாங்களா?" என்றாராம்.

"காக்கா, எனக்கு விடோணும். முந்தி ஒருக்கா ஒம்பது நாள் விட்டன். தனிய ஏலாது."

மீராசாஹிபு கொஞ்ச நேரம் வலையில் ஒட்டியிருந்த சாதாளைப் பாசியைப் பிய்த்துக்கொண்டு இருந்தாராம். பிறகு, அந்த மூலையில் படு, அஸ்கி இந்தக் கதவுக்குள் கால் வைத்தால் அவனுடைய காலை முறிப்பேன், நீ வெளியே போய் அவனிடம் வாங்கினால் உன்னுடைய காலை முறிப்பேன் என்றார். அடுத்த நாளே அவனை டொக்டரிடம் கூட்டிப் போனதும் அவர்தான்.

இதற்குள் நதீராவின் மாமா ஒரு கடதாசி கொண்டுவந்து வைத்தார். காழியாரிடம் கொடுத்து, அவனோடு இருக்க முடியாது என்று பிரிவதற்கான மனு. எல்லாம் நிரப்பியிருந்தது. நதீராவின் ஒப்பம் மட்டும்தான் இல்லை. அவள் அதை வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தாள். இன்னொரு தரம் றிஸ்மி கஞ்சாவைத் தொட்டான் என்று அறிந்தால் அன்றைக்கே ஒப்பம் வைப்பேன் என்று மாமாவிடம் சொன்னாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

சிபானாவின் காலில் இருந்து சாந்துக்கட்டை வெட்டி எடுத்தார்கள். எலும்பு பொருந்தியிருந்தது. ஆனால் குதிக்கால் நிலத்தில் முழுசாகப் படவில்லை. இப்போதும் படுவதில்லை. அவள் நடந்துவரும் சத்தத்தை எங்கள் வீட்டில் இருந்தே நான் அறிவேன். ஒரு அடி பலமாக, மறு அடி இழுபட்டு.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலையில் மீராசாஹிபு கடப்படியில் வந்து நின்றார். ஜுனைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்கு உள்ளே நின்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"மருமகன் பதினொரு நாளாத் தொடல்ல. அதச் சொல்லத்தான் வந்த."

"சுகமா இரிக்காரா காக்கா?"

"எங்க சுகம்? சோத்தப் பாத்தா ஓங்காளிக்கான். கஞ்சித் தண்ணியிலதான் உசிர் ஓடுது. நித்திர இல்ல. நேத்து என்னெய்க் கடிக்க வந்தான். டொக்டர் சொன்னார், இப்பிடித்தான் இரிக்குமாம். பசி போகும், நித்திர போகும், கோவம் வரும். விட்டதுக்கு அதுதான் அடையாளமாம். பசி மெல்ல மெல்லத்தான் திரும்பி வருமாம். அதுவரைக்கும் தின்னு தின்னுண்டு ஆக்கினப்படுத்த ஒண்ணாவாம்."

அவர் போய்விட்டார். நான் வேலியடியில் எழும்பி நின்றேன். ஜுனைதா என்னைப் பார்க்கவில்லை. குசினிக்குள் போனாள். நதீரா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"புள்ள, மே மாசம் ஒம்பது நாள் தின்னாம இரிந்தாரே."

துருவுகிற சத்தம் நின்றது.

"அப்பயும் விட்டிரிக்கார் மகள். தனிய விட்டிரிக்கார். நாமதான் அவர மறுகாவும் அங்க போகவெச்ச. நான் கோழியறுத்து, இறால் வாங்கி, அழுது. நீ எங்க அடுப்பெரியுதெண்டு கேட்டு." அடுப்படியில் குந்தினாள். "மறுகா வந்து மூணு பீங்கான் திண்டாரு. நான் பால்சோறு ஆக்கி ஊருக்கெல்லாம் குடுத்தன். என்னத்துக்குக் குடுத்தன் புள்ள நான்? அந்தப் புள்ளட கால் முறியிறதுக்கா?"

நதீரா துருவிய தேங்காயைக் கையால் அளைந்துகொண்டே இருந்தாள். வெளியே சிபானா கோழிகளுக்குப் பின்னால் இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு ஜுனைதா ஒரு பீங்கானில் சோறு போட்டு, மேலே இன்னொரு பீங்கானைக் கவிழ்த்து, துணியால் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். தின்ன மாட்டார் என்று தெரிந்துதானே கொண்டு போகிறாய் என்று நான் கேட்டேன். வீடு இல்லாதவன் என்று நினைத்துவிடக் கூடாது கா என்றாள்.

வாடி வாசலில் கவிழ்த்துக் கிடந்த மீன்பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு ஒரு தரம் செருமுவாள். உள்ளே அவன் எழும்பி நிற்கிற சத்தம் கேட்கும். அவள் திரும்பி வந்துவிடுவாள். அசருக்குப் பிறகு போய் எடுத்துவருவாள். சோறு அப்படியே இருக்கும். மேலே லேசாக மணல் படிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் நதீரா கேட்காமலே முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பாள். நிறைந்த பீங்கானைப் பார்த்துவிட்டு மூடுவாள். அதற்குப் பிறகுதான் அவளும் உண்பாள். அந்தச் சோற்றைத் தின்று கோழிகள் கொழுத்தன.

பதினாறு நாள் அப்படி நடந்தது. கச்சான் காற்று நின்றபாடில்லை. றிஸ்மி மெலிந்து மெலிந்து, இடுப்புப் பட்டியில் இரண்டு முடிச்சுக் கூடப் போட்டு வலை இழுக்கிறான் என்றார்கள். இழுக்கிறானே, அது போதும் என்றாள் ஜுனைதா.

பதினேழாம் நாள் வலையில் பாரை மீன் நிறைய விழுந்தது. மூன்று தரம் வலை போட்டார்கள். ஊரே கடற்கரையில் நின்றது. ஜுனைதா அசருக்குப் பிறகு போய் மீன்பெட்டிக்கு மேலிருந்த மூட்டையைத் தூக்கினாள். தூக்கும்போதே தெரிந்துவிட்டது. பாரம் இல்லை.

வீட்டுக்கு வந்து கீழே வைத்தாள். நதீரா முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பருக்கை இல்லை. ஆணத்தை விரலால் வழித்துத் தின்ற கோடு பீங்கானில் காய்ந்திருந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு, முதல் முதல் அவள் சிரித்துக்கொண்டு சொன்ன அந்த நாள் ஞாபகம் வந்தது. அதே வெறுமை. அதே துடைத்த மாதிரி. இரண்டு பெண்களும் அதைப் பாம்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"பசி வந்திரிக்கும்" என்றாள் ஜுனைதா. "மூணு வல இழுத்திரிக்காங்க. டொக்டரும் சொன்னாராமே, வருமெண்டு."

"ஓம். இல்லாட்டி மத்தது."

"அப்பிடிச் சொல்லாத மகள்."

"கண் எப்பிடி இரிந்த?"

"நான் எங்க புள்ள முகத்தப் பாத்தன். பாத்தாலும், கடல்ல நிண்ட கண் எப்பிடி இரிக்கும்?"

நதீரா எழும்பி அலுமாரியைப் பார்த்தாள். மேலே அந்தக் கடதாசி. கையை நீட்டவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள். ஜுனைதா முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வெளியே இறங்கினாள். நானும் கூடப் போனேன். அவள் கூப்பிடவில்லை. போனேன்.

வெயில் தாழ்ந்துவிட்டிருந்தது. றிஸ்மி வாடிக்கு முன்னால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மாமியைக் கண்டதும் எழும்பி, வழக்கம் போல முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் சுற்றி நடந்து அவனுக்கு முன்னால் போய் நின்றாள். எட்டு வருசத்தில் முதல் தரம்.

"மருமகன், பசிச்சா திண்டீங்க?"

அவன் கையில் இருந்த கயிறு மணலில் விழுந்தது. அலை இரண்டு மூன்று வந்து போனது. நான் மனதுக்குள், சொல்லு மகனே, பசித்தது என்று சொல்லு, பொய்யென்றாலும் சொல்லு என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

"இல்ல மாமி."

அவள் அவனுடைய கண்ணையே பார்த்தாள்.

"மூணாம் வல ஏறினத்துக்குப் பொறகு ஒண்டு அடிச்சன். அஸ்கி தானாத் தரல்ல. நான்தான் போய்க் கேட்ட. தரமாட்டனெண்டுதான் சொன்னான். கால்ல விழாத குறையா வாங்கினன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "மறுகா உங்கட சோறு ஞாபகம் வந்த. அப்பிடி ருசி மாமி. இத்தன நாளும் பாத்துப் பாத்து வெச்சீங்க, மண்ண மாதிரி இரிந்த. அத அடிச்சாத்தான் எனக்கு ருசி தெரியிது. வெக்கமா இரிக்கி."

அவளுடைய சமையலைப் பற்றி மருமகன் வாயால் அவள் கேட்ட முதல் புகழ்ச்சி அதுதான், மக்காள். அந்த மாதிரித்தான் அவளுக்கு அது வாய்த்தது. முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டாள். நான் அவளுடைய முழங்கையைப் பிடித்தேன். விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். விழவில்லை.

"நாளைக்கும் கொண்டு வருவன்" என்றாள்.

"ஒண்ணா மாமி. என்னெ விட்டிருங்க."

"கொண்டு வருவன். ஆணம் வெச்சி, பொரிச்சி, எல்லாம் போட்டுத்தான் கொண்டு வருவன். நீங்க தின்னாதீங்க." முக்காட்டை இறுக்கிக்கொண்டாள். "தின்னாம வைங்க, மருமகன். நான் எடுத்துட்டுப் போறன்."

ஒரு மாமி மருமகனிடம் கேட்கக் கூடிய வார்த்தையா இது? வாடிக்குள் இருந்து வெளியே வந்த மீராசாஹிபு, எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

திரும்பி வந்தோம். நதீரா கடப்படியிலேயே நின்றாள்.

"அதுதானே?" என்று கேட்டாள்.

"ஓம் மகள்."

"ஆரு சொன்ன?"

"அவர்தான்."

"நீங்க கேட்டு, அவர் ஒளிச்சி, மறுகாவா சொன்ன?"

"இல்ல. ஒருக்காத்தான் கேட்ட. சொல்லிட்டார்."

நதீரா உள்ளே போனாள். அலுமாரிக்கு மேலிருந்து கடதாசியை எடுத்தாள். திண்ணமாய் ஒப்பம் வைக்கப் போகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். வாசித்தாள். முதலில் இருந்து கடைசி வரை வாசித்தாள். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தாள். கிழிக்கவும் இல்லை, ஒப்பம் வைக்கவும் இல்லை. அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. கடப்பும் அவனுக்குத் திறக்கவில்லை.

அடுத்த நாள் பகல் சோறு போட்டது நதீரா. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதல் அவள் அவனுக்குரிய பீங்கானைக் கழுவியதுகூட இல்லை. அன்றைக்குச் சோறு போட்டு, முருங்கை இலைச் சுண்டல் வைத்து, பாரை மீன் துண்டு ஒன்றை முள் எடுத்து ஓரத்தில் வைத்து, முடிச்சைக் கட்டி உம்மாவின் கையில் கொடுத்தாள்.

அசருக்குப் பிறகு பீங்கான் வந்தது. முடிச்சை அவிழ்த்தாள். சோறு நிறைந்திருந்தது. மீன் துண்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

சிபானா இழுத்து இழுத்து நடந்து வந்து எட்டிப் பார்த்தாள். "வாப்பா தின்னல்லியா உம்மா?"

"இல்ல மகள். தின்னல்ல."

எங்கள் ஊரில் புருசன் தின்று மிச்சம் வைத்த பீங்கானில் இருந்து பெண்சாதி தின்பாள். நதீரா அதைக் கோழிக்குக் கொட்டவில்லை. குசினி நிலத்தில் இருந்து, அந்த ஆறிய சோற்றைப் பிசைந்தாள். கடற்கரை மணல் பல்லில் நெறுநெறுவென்று கடிபட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்ட மாதிரி இருந்தது. அவள் துப்பவில்லை. தின்றாள்.